இது என்ன காய்ங்க?

ஆயிரத்து எண்ணூறு சட்டை. வட்டக் கழுத்து. செங்கல் நிறம்.
பிரான்சில், துலூசில் ஏதோ விழாவாம்.
நெஞ்சில் ஆறெழுத்து எம்பிராய்டரி.
காஜா பையன் எழுத்துக் கூட்டிப் பார்த்துக் கேட்டான்:
'வொல்காய்... இது என்ன காய்ங்க?'

அனுப்பர்பாளையத்தில் அப்போது கரண்ட் போனது.
பன்னிரண்டு தலை மிஷின்
பன்னிரண்டு ஊசியையும் துணிக்குள் விட்டபடி நின்றது.
பையர் அனுப்பிய கோப்பின் கடைசிப் பக்கத்தைச்
செல்போன் வெளிச்சத்தில் வாசித்தேன்.

காய் இல்லை. கூட்டம்.
ஈராயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்
பல குடி சேர்ந்து ஒரே பேரில் திரிந்த கூட்டம்.
டான்யூபுக்கு மேலே காட்டோரம் தொடக்கம் என்கிறார் ஒருவர்,
தெற்கிலிருந்து அங்கே ஏறிப் போனவர்கள் என்கிறார் இன்னொருவர்.
பேருக்குப் பொருள் வல்லூறு என்று ஒரு கட்சி.
வொல், வல்: நாக்கு ஒரு நிமிஷம் ஆசைப்பட்டது.
அடக்கினேன். எல்லாவற்றையும் தமிழாக்கிவிடும் வியாதி
எங்கள் தெருவில் ஏற்கெனவே இரண்டு பேருக்கு இருக்கிறது.

அவர்களில் ஒரு கிளைக்கு நீளமான பேர்.
கூரை தேடுகிறவர்கள் என்று அர்த்தமாம்.
தேடித் தேடித் துலூசில் கொஞ்சம்,
கடல் தாண்டி அங்காரா பக்கம் கொஞ்சம்.

சித்த பொறுங்க, விஷயம் இனிமேல்தான்.

பக்கத்துக் காட்டு ஜெர்மானியனுக்கு
முதலில் பழக்கமான வேற்றாள் இவர்கள்.
பிறகு பார்த்த வேற்றாளுக்கெல்லாம் இதே பேரை வைத்தான்.
ரோமன் வந்தான், அவனுக்கும்.
தீவில் இறங்கினான், அங்கே முன்பே குடியிருந்தவனுக்கும்:
வேல்ஸ். சொந்த மண்ணில் அந்நியன்.
பேக்கரிக் கேக்கின் உச்சியில் ஒட்டியிருக்கும் வால்நட் கூட
தெற்கிலிருந்து வந்த பாவத்துக்கு
அந்நியக் கொட்டை.
காய் என்று கேட்டவன் அவ்வளவு தப்பாகக் கேட்கவில்லை.

கூட்டம் கரைந்துவிட்டது. பேர் மட்டும்
ஆளில்லாமல் அலைந்து
கண்டவன் தலையிலெல்லாம் உட்கார்ந்தது.

எனக்குப் பீன்யா ஞாபகம் வந்தது.
தொண்ணூற்றொன்பது. லேத் பட்டறை.
அங்கே என் பேர் கொங்கா.
செங்கல்பட்டு எபனேசருக்கும் கொங்கா,
உடன்குடிப் பிச்சுமணிக்கும் கொங்கா.
'நான் கொங்குநாட்டைக் கண்ணால பார்த்ததில்லைடா'
என்று எபனேசர் மல்லுக்கு நிற்பான்.
பூந்தாது என்றும் தேன் என்றும் நாங்கள் பொருள் சொல்லும் பேர்
திம்பத்தின் இருபத்தேழு கொண்டை ஊசிக்குள்
எந்த வளைவில் கெட்டதோ,
அந்தப் பக்கம் எச்சிலோடு வந்தது.

கரண்ட் வந்தது. ஊசிகள் விட்ட இடத்தில் தொடங்கின.
கூலி நோட்டைத் திறந்தேன். போன வாரம்,
என் கையெழுத்து:
இந்திக்காரர் - 9.

ஒன்பதில் ஒருவனைக் கூப்பிட்டேன்.
சுக்ராம் ஹன்ஸ்தா. ஒடிசா, மயூர்பஞ்ச்.
'வீட்ல இந்தியா பேசுவீங்க?'
'இந்தி இங்க வந்துதான் அண்ணா கத்துக்கிட்டேன்.'
வீட்டில் சந்தாலி.
'உங்க பாஷையில எங்களுக்கு என்ன பேரு?'
சிரித்தான். அறுந்த நூலை மறுபடி கோத்தான்.
'திக்கு.'
அவர்கள் அல்லாத எல்லாருக்கும் அதுதானாம்.
'உங்களுக்கு?'
'ஹோர்.'
'அப்படின்னா?'
'மனுஷன்.'

திக்கு.
எனக்கு அது திசை, போக்கிடம்.
அவன் ஊரில் அது வட்டிக்காரன்.

வொல்காய்கள் தங்களை என்னவென்று சொல்லிக்கொண்டார்களோ.
கோப்பில் இல்லை. எழுதி வைத்தவனெல்லாம்
எதிர்ப்பக்கத்துக்காரன்.

நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டுப்
பேர்களை எழுத ஆரம்பித்தேன்.
நாலாவது ஆளின் பேர் தெரியவில்லை.
எட்டு மாசமாக இங்கேதான் வேலை பார்க்கிறான்.
முதலாளி எட்டிப் பார்த்தார்:
'பேரெல்லாம் எதுக்குங்க? டோட்டல் போடுங்க.'

கரண்ட் போன நேரத்தில் ஊசியிலிருந்த பன்னிரண்டும் ரிஜெக்ட்.
கடைசி எழுத்து பாதியில் நிற்கிறது.
சுக்ராம் ஒன்றை எடுத்துக்கொண்டான்.
ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு
பூலுவபட்டியில்
வாடகைக்கு ரூம் பார்க்கப் போனான்.